உண்டியலுக்கு இரண்டாவது சாவி: மறைகுறியாக்கமும் அரச கண்காணிப்பும்

2018 நவம்பர் 30 ஆம் திகதி அதிகாலையில், மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வருகின்ற வவுணதீவில், வீதிச் சாவடியில் கடமையிலிருந்த பொலிஸ் கான்ஸ்டபிள்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். மாவீரர் நாள் கழிந்து மூன்று நாள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை என்பதால், சந்தேகம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை எவரும் எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளி ஒருவர் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார். அக்கொலைகளைச் செய்தது சஹ்ரான் ஹாசிம் என்ற தீவிரவாதப் போதகரின் குழு என்பது, 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உள்ளிட்ட இடங்களில் அதே குழுவின் குண்டுகள் வெடித்து நாடு முழுவதும் 260 இற்கு மேற்பட்டோர் இறந்த பின்னர் நடந்த விசாரணைகளில்தான் வெளியே வந்தது. கைதாகியிருந்தவர் அந்த ஆண்டு மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார்.

கைத்தொலைபேசி உரையாடல்களைப் பூட்டி வைக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை இந்தச் சம்பவத்தோடு தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பொதுமக்கள் தங்கள் உரையாடல்களை வேறெவரும் வாசிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளலாமா, அந்தப் பூட்டைத் திறக்க அரசுக்கென்று ஒரு வழி இருக்க வேண்டாமா என்ற விவாதம் 1970களிலிருந்து உலகில் நடந்துவருகிறது. ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்குப் பின்னரும் அது புதிதாகக் கிளம்பும். பூட்டு இல்லாதிருந்தால் தடுத்திருக்கலாம் என்பதே அப்போது கேட்கும் குரல். அந்தக் குரலை வொஷிங்டனிலோ லண்டனிலோ இருந்துகொண்டு எடைபோடுவதற்கும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நடந்தவற்றை முன்னால் வைத்து எடைபோடுவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

முதலில் பூட்டைப் பார்ப்போம். ஒரு செய்தியைக் கணித முறையொன்றால் கலைத்து, உரிய சாவி இல்லாதவருக்கு வெறும் எழுத்துக் குப்பையாகத் தெரியும்படி செய்வதே மறைகுறியாக்கம். பழைய முறையில் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவிதான் இருந்தது. கொழும்பில் இருப்பவர் மட்டக்களப்பில் இருப்பவருக்கு இரகசியமாக எழுத வேண்டுமென்றால், அதற்கு முன்பே எப்படியாவது அந்தச் சாவியை இரகசியமாகக் கொடுத்திருக்க வேண்டும். சாவியை நம்பி அனுப்ப ஒரு வழி இருந்தால் செய்தியையே அந்த வழியால் அனுப்பிவிடலாமே என்ற சிக்கல் அதில் எப்போதும் இருந்தது. இதனால்தான் மறைகுறியாக்கம் நெடுங்காலம் இராணுவங்களுக்கும் தூதரகங்களுக்கும் மட்டும் உரிய பொருளாக இருந்தது. சாவிகளைச் சுமந்து செல்ல ஆட்களை வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

1976 இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். அவர்கள் காட்டிய வழியை விளங்கிக்கொள்ளக் கோயில் உண்டியலை நினைத்துக்கொண்டால் போதும். உண்டியலின் வாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யாரும் காசு போடலாம். போட்ட காசைப் போட்டவரால்கூடத் திருப்பி எடுக்க முடியாது. சாவி வைத்திருக்கும் வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) மட்டுமே திறக்கலாம். (உண்டியல் என்றதும் வெளிநாட்டுக் காசு வரும் இன்னொரு உண்டியலை நினைப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம், இங்கே சொல்வது கோயில் வாசலில் இருப்பதை.) அதுபோலவே ஒவ்வொருவரும் ஊரறிய ஒரு திறந்த வாயை அறிவித்துவிட்டு, திறக்கும் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், அட்ல்மன் ஆகிய மூவரும் இதற்குப் பயன்படக்கூடிய கணிதத்தைத் தந்தார்கள். 61 ஐயும் 53 ஐயும் பெருக்கினால் 3233 என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை உடனே சொல்லிவிடும். 3233 ஐக் கொடுத்து, இது எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று கேட்டால் அதே பிள்ளை தாளும் பேனையும் தேடும். இன்று பயன்பாட்டில் உள்ள எண்கள் 600 இலக்கங்களுக்கும் மேற்பட்டவை. அவற்றைப் பிரித்துக் காண உலகின் எந்தக் கணினிக்கும் இன்றுவரை இயலவில்லை.

2016 ஏப்ரலில் வட்ஸ்அப் நிறுவனம் தனது எல்லாப் பயனர்களுக்கும் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தைக் கொடுத்து முடித்தபோது, டிஃபியும் ஹெல்மனும் தொடங்கியது நம் ஊர் மீன் சந்தை வரைக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் செய்தி தொலைபேசியிலிருந்து நிறுவனத்தின் கணினிவரை பூட்டப்பட்டுப் போய், அங்கே திறக்கப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டு மற்றவரிடம் சென்றதென்றால், நடுவில் இருக்கும் நிறுவனம் நினைத்தால் வாசிக்கலாம். நீதிமன்றம் கேட்டால் கொடுக்கவும் வேண்டும். முனைக்கு முனை என்றால் சாவி உரையாடும் இருவரின் தொலைபேசிகளில் மட்டுமே இருக்கும். நிறுவனத்திடம் கட்டளையோடு போனாலும் கொடுப்பதற்கு அதனிடம் உள்ளடக்கம் இல்லை. அரசுகளுக்கு எரிச்சலூட்டுவது இந்த ஒரு புள்ளிதான். கட்டளை இருக்கிறது, கீழ்ப்படிய நிறுவனமும் ஆயத்தமாக இருக்கிறது, ஆனால் கொடுக்க ஒன்றுமில்லை என்ற நிலை சட்ட வரலாற்றில் அதற்கு முன் அதிகம் இருந்ததில்லை.

அந்த எரிச்சலை வெறும் அதிகார ஆசை என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. கல்முனையிலோ ஏறாவூரிலோ ஐஸ் போதைப்பொருளுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், விற்பனையாளனின் குறுஞ்செய்திகளைப் பொலிஸார் வாசிக்கக் கூடாது என்று சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? சிறுவர் துஷ்பிரயோகப் படங்களைக் கைமாற்றுபவர்களும் இதே பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். பூட்டு நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை. ஆகவே நீதிமன்றக் கட்டளையோடு வரும் பொலிஸாருக்கு மட்டும் திறக்கும்படி ஒரு பூட்டைச் செய்ய முடிந்தால், அதை எதிர்ப்பவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள். அப்படியொரு பூட்டைச் செய்ய முடியுமா என்பதில்தான் விவாதம் நிற்கிறது. செய்து பார்த்தவர்களின் கதைகளும் இருக்கின்றன.

ஐக்கிய அமெரிக்கா முதலில் எடுத்த வழி, பொதுமக்களுக்குப் பலவீனமான பூட்டைக் கொடுப்பது. 1977 இல் அங்கே நியமமாக்கப்பட்ட டெஸ் என்ற மறைகுறியாக்க முறையின் சாவி 56 பிட் நீளமே (0 அல்லது 1 ஆன 56 இலக்கங்கள்) கொண்டிருந்தது; அவ்வளவு குட்டையாக வைத்ததில் அந்நாட்டின் மின்னணு உளவு நிறுவனமான தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் கை இருந்தது. சுமார் 72,000 டிரில்லியன் சாவிகள் சாத்தியம் என்பது கேட்கப் பெரிதாக இருந்தாலும், 1998 இல் ஒரு குடிசார் உரிமைகள் அமைப்பு 250,000 டொலருக்கும் குறைவான செலவில் கட்டிய இயந்திரம் அதை 56 மணித்தியாலத்தில் உடைத்துக் காட்டியது. இதற்கிடையே வலுவான மறைகுறியாக்க மென்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவது ஆயுத ஏற்றுமதிக்குச் சமமாகக் கருதப்பட்டது. 1991 இல் பில் சிம்மர்மன் என்பவர் மின்னஞ்சலைப் பூட்டும் பிஜிபி என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டதைத் தொடர்ந்து அவர்மீது குற்றவியல் விசாரணை நடந்தது; 1996 இல் அது வழக்கில்லாமலே கைவிடப்பட்டது. மென்பொருளின் மூலக்குறியீட்டை அச்சிட்டுப் புத்தகமாக்கி, புத்தகத்தை ஏற்றுமதி செய்வதும் ஆயுதக் கடத்தலா என்று கேட்கிற அளவுக்கு அந்தச் சண்டை போயிற்று.

1993 இல் கிளின்டன் நிர்வாகம் இன்னொரு வழியை முன்வைத்தது. கிளிப்பர் என்ற சிப் ஒன்று தொலைபேசிகளில் பொருத்தப்படும். பூட்டு வலுவாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சிப்பின் சாவியும் இரண்டு பாதியாகப் பிரிக்கப்பட்டு இரண்டு வெவ்வேறு அரச நிறுவனங்களிடம் வைக்கப்படும். நீதிமன்றக் கட்டளை வந்தால் இரண்டு பாதிகளும் சேர்க்கப்படும். ஊர்க் கோயில்களில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவியைத் தலைவரிடமும் மற்றதைப் பொருளாளரிடமும் கொடுப்பது நமக்குத் தெரிந்த ஏற்பாடு. அதைச் செய்வது ஒருவரை ஒருவர் நம்பாததால் என்பதும், இருவரும் சேர்ந்துவிட்டால் பூட்டால் பயனில்லை என்பதும் நமக்குத் தெரியும். கிளிப்பர் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. 1994 இல் மட் பிளேஸ் என்ற ஆய்வாளர், அரசுக்கான வழியைச் சரிபார்க்கும் பகுதி 16 பிட் அளவே கொண்டதென்பதையும், அதை ஏமாற்றிவிட்டு அரசால் திறக்க முடியாதபடி அதே சிப்பைப் பயன்படுத்தலாம் என்பதையும் காட்டினார். வாங்க ஆளில்லாமல் அத்திட்டம் சில ஆண்டுகளில் மறைந்தது.

கிளிப்பர் தோற்றது தொழில்நுட்பத் தவறால்தானே, இன்று அதைவிட நன்றாகச் செய்யலாமே என்று கேட்கலாம். அதற்கான பதில் ஏதென்ஸில் கிடைத்தது. சட்டபூர்வமான ஒட்டுக்கேட்டலுக்காக வோடபோன் கிரேக்க நிறுவனத்தின் இணைப்பகங்களில் இருந்த வசதியை யாரோ கைப்பற்றி, 2004 ஆகஸ்ட் ஒலிம்பிக் காலந்தொட்டு 2005 மார்ச் வரை 100 இற்கு மேற்பட்ட தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டார்கள். அவற்றில் ஒன்று பிரதமர் கொஸ்தாஸ் கரமன்லிஸுடையது. அரசுக்காக வெட்டிய வாசலால் அரசின் தலைவரையே ஒட்டுக்கேட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து இன்னும் பெரிய அளவில் அதுவே நடந்தது. சீனாவோடு தொடர்புடையதாகக் கூறப்படும் சோல்ட் டைபூன் என்ற குழு ஐக்கிய அமெரிக்காவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் நுழைந்து, நீதிமன்றக் கட்டளைகளின் பேரில் ஒட்டுக்கேட்பதற்கென்று சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்ட அமைப்புகளையே தொட்டிருந்தது 2024 இல் தெரியவந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகள் தம் மக்களுக்குச் சொன்ன ஆலோசனை, முனைக்கு முனை மறைகுறியாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்பது. 2016 இல் சான் பெர்னார்டினோ கொலையாளியின் ஐபோனைத் திறக்க உதவும்படி அப்பிள் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்ததும், பின்பு வேறொருவர் துணையுடன் தானே திறந்துகொண்டு வழக்கைக் கைவிட்டதும் அதே அரசுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது எளிய ஒரு விடயம். கணிதத்துக்குப் பொலிஸ் சீருடை தெரியாது. ஒருவருக்காகத் திறக்கும் வாசல், அதைக் கண்டுபிடிக்கும் எவருக்கும் திறக்கும். பிரித்தானியா 2025 ஜனவரியில் பூட்டைத் திறக்க வழி கேட்டு அப்பிளுக்கு இரகசியக் கட்டளை அனுப்பியதன் விளைவாக, அந்நிறுவனம் தனது மிக வலுவான மேகச் சேமிப்புப் பாதுகாப்பை (நிறுவனத்தின் கணினிகளில் வைக்கும் பிரதிகளுக்கான பூட்டை) அடுத்த மாதமே பிரித்தானியப் பயனர்களிடமிருந்து விலக்கிக்கொண்டது. இதில் இழப்பு அதிகம் யாருக்கு? தன் தொலைபேசியில் வேறு மென்பொருளை ஏற்றிக்கொள்ளத் தெரிந்த குற்றவாளிக்கு அல்ல. தொலைபேசியோடு வந்ததை அப்படியே வைத்திருக்கும் மனிதருக்குத்தான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு முன்னர் அரசிடம் என்ன இருந்தது? சஹ்ரானின் வன்முறைப் பேச்சுகள் எந்தப் பூட்டுக்குள்ளும் இருக்கவில்லை. தமிழில், பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும், யாரும் கேட்கும்படி இருந்தன. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் அவரது ஆட்கள் மற்றொரு முஸ்லிம் தரப்போடு மோதியதன் பின் அவர் தலைமறைவானார். ஊர் முஸ்லிம்களே அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்தின் வணாத்தவில்லுவில் அவரது ஆட்களோடு தொடர்புடைய வெடிபொருட்கள் கண்டெடுக்கப்பட்டன. ஏப்ரல் 4 ஆம் திகதி இந்தியப் புலனாய்விலிருந்து எச்சரிக்கை வந்தது; ஏப்ரல் 9 ஆம் திகதி அது பொலிஸ் மா அதிபருக்குக் கடிதமாகப் போனது; 11 ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கடிதம் சஹ்ரானின் பெயரையும், கத்தோலிக்கத் தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதையும் எழுத்தில் சொன்னது. 16 ஆம் திகதி காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடிக்கவைக்கப்பட்டது. இத்தனையும் மறைகுறி நீக்கப்பட வேண்டிய செய்திகள் அல்ல. கடிதங்கள் தட்டச்சில், வாசிக்கக்கூடிய மொழியில் இருந்தன.

2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் எழுவர் ஆயம் வழங்கிய தீர்ப்பும் இதைத்தான் சொல்லியது. கிடைத்த தகவலின்மீது செயற்படத் தவறியதன் மூலம் மனுதாரர்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று கண்ட நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபரையும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரையும் தலா 75 மில்லியன் ரூபாவும் இழப்பீடாகச் செலுத்தும்படி கட்டளையிட்டது. வவுணதீவுக் கொலை விசாரணையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் கையில் இருந்த உண்மை வாசிக்கப்படாமலே கிடந்தது, மறு பக்கம் இல்லாத உண்மை ஒன்று ஒரு மனிதர்மேல் சுமத்தப்பட்டது. இரண்டுக்கும் வட்ஸ்அப்பின் பூட்டு காரணமல்ல. இன்னும் ஆயிரம் பேரின் உரையாடல்களை அந்த மேசைகளில் கொண்டுவந்து குவித்திருந்தால் விளைவு மாறியிருக்கும் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை; குவியல் பெரிதாகப் பெரிதாக, தேவையான கடிதம் அடியில் போவதுதான் வழக்கம்.

அம்பாறைச் சம்பவம் இதைவிடச் சிக்கலானது. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவுக்குள் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கிளம்பிய கதையில், பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. சிங்களம் சரளமாக வராத காசாளர், சூழ நின்று மிரட்டியவர்களின் கேள்வி விளங்காமலே ஆமென்பதுபோல் ஏதோ சொல்ல, அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. அந்த உணவில் இருந்தது மாக்கட்டி மட்டுமே என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பின்பு சொன்னது. அப்படி மலடாக்கும் மாத்திரை ஒன்று உலகில் கிடையாது என்பது அதற்கு முன்பே மருத்துவம் அறிந்த விடயம். ஆனால் அதற்குள் திகனவும் கண்டியும் எரிந்திருந்தன. மார்ச் 7 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை அரசாங்கம் தடைசெய்து, சுமார் ஒரு வாரம் கழித்துத் திறந்தது.

இங்கேதான் அரசின் வாதத்துக்கு உண்மையான பலம் இருக்கிறது. வதந்தி ஒரு வட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அதை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. இந்தியா 2021 இல் கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், செய்தியின் முதல் அனுப்புநரைக் காட்டித்தர வேண்டும் என்று பெரிய நிறுவனங்களைக் கேட்டது இதற்காகவே. வட்ஸ்அப் அதை எதிர்த்து டில்லி மேல் நீதிமன்றத்துக்குப் போனது. முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டுமென்றால், எது வதந்தியாகப் போகிறது என்று முன்கூட்டியே தெரியாத காரணத்தால், எல்லோருடைய எல்லாச் செய்திகளுக்கும் ஓர் அடையாளத்தைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். ஒரு திருடனைப் பிடிப்பதற்காக ஊரார் எல்லோரது கைரேகையையும் ஒவ்வொரு கதவிலும் பதிந்து வைப்பது போன்ற வேலை அது. தவிரவும், அம்பாறையில் எரியவைத்த காணொளி பரவியது பெருமளவு பேஸ்புக்கின் பொது வெளியில். அங்கே பூட்டு எதுவும் இருக்கவில்லை. சிங்களத்தில் எழுதப்படும் வெறுப்பை வாசித்து நீக்கப் போதிய ஆட்கள் நிறுவனத்திடம் இருக்கவில்லை. 2018 இல் தனது தளம் வன்முறைக்குப் பங்களித்ததற்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

தடையின்போது நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஒரு வாரத்தில், அதற்கு முன்பு விபிஎன் என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைகள், பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டு, தடையைச் சுற்றிப் போக இலவச விபிஎன் செயலிகளை இறக்கிக்கொண்டார்கள். உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கிய நாள்களிலும் அரசாங்கம் மீண்டும் தடைபோட்டபோது அந்தப் பழக்கம் ஏற்கெனவே கைவந்திருந்தது. இலவச விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிடுவது. ஒட்டுக்கேட்பவரிடமிருந்து தப்பிப் போய், யாரென்றே தெரியாத இன்னொருவரின் மடியில் விழுவதற்குத் தடை பலரையும் பழக்கிவிட்டது.

வளைகுடாவில் வேலைசெய்யும் கிழக்கு மாகாணப் பெண்களின் நிலை இதற்கு இன்னொரு உதாரணம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு இயங்காது. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ உம்மம்மாவிடம் விட்டுவந்த பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு எந்தச் செயலியைப் பயன்படுத்தலாம் என்பதை அங்குள்ள அரசு தீர்மானிக்கிறது. அந்தச் செயலி எவ்வளவு பாதுகாப்பானது என்பதைப் பற்றி யோசிக்கும் நிலையில் அந்தத் தாய் இல்லை.

மறைகுறியாக்கத்தை ஆதரிப்பவர்களும் சில விடயங்களை மிகைப்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பூட்டு மறைப்பது பேசியதை மட்டும்தான். யார் யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் கீழிருந்து தொடர்புகொண்டார்கள் என்ற தொடர்புத் தரவு வெளியேதான் கிடக்கிறது. இலங்கையில் சிம் அட்டை தேசிய அடையாள அட்டையோடு பதியப்படுவதால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் போராட்டம் ஒன்றுக்குக் கூடுவதற்கு முதல்நாள் இரவு ஒரு தாய் ஒன்பது பேருக்கு எடுத்து, கடைசியாக ஒரு சட்டத்தரணிக்கு எடுத்தார் என்றால், அவர்கள் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்டுத்தான் அறிய வேண்டுமா? ஆட்களைக் கொல்வதற்கான முடிவுகளே இத்தகைய தரவின் அடிப்படையில் எடுக்கப்படுகின்றன என்று அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் முன்னாள் தலைவர் மைக்கல் ஹைடன் 2014 இல் மேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

அதைவிட எளிமையான ஓட்டைகளும் உண்டு. டெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை பூட்டப்பட்டவை அல்ல. பலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வட்ஸ்அப் செய்திகளின் மேகப் பிரதி, பயனர் தானே போய் அந்த அமைப்பை இயக்கினால் மட்டுமே பூட்டப்படும். நம் ஊர்களில் புதுத் தொலைபேசி வாங்கும் வயதானவர்களுக்குக் கொமியூனிகேஷன் கடைத் தம்பிதான் ஜிமெயில் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைத் தன் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறார். ஆச்சிக்கு அந்தக் கடவுச்சொல் தெரியாது. மறந்தால் தம்பியிடம்தான் போக வேண்டும். உலகின் கணித மேதைகள் கட்டிய கோட்டையின் சாவி, ரீலோட் காசுக் கணக்குக்குப் பக்கத்தில் நீல மையில் எழுதப்பட்டிருக்கிறது. இதில் தம்பியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர் இல்லாவிட்டால் ஆச்சி கனடாவிலுள்ள பேரப்பிள்ளையைப் பார்த்திருக்கவே மாட்டார்.

தொலைபேசியே கைக்கு வந்துவிட்டால் எந்தப் பூட்டும் பெரிதாக உதவாது. திறந்து காட்டு என்று சீருடையில் ஒருவர் கேட்கும்போது மறுக்கும் துணிவு, யுத்த காலத்தில் சோதனைச் சாவடி வரிசையில் நின்று பழகிய நமக்கு எளிதில் வருவதில்லை. 2021 மே 18 ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தில் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் செய்ததற்காகக் கைதாகி மாதக்கணக்கில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருந்த 10 பேரும் விளக்கு ஏற்றியது மறைவில் அல்ல. பேஸ்புக் பதிவுகளுக்காகக் கைதானவர்களும் எழுதியது பொது வெளியில். இந்தக் கைதுகளில் ஒன்றைக்கூட மறைகுறியாக்கம் தடுத்திருக்காது. யுத்த காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையில் கடிதங்கள் ஆட்கள் கையில் போய்வந்த காலத்தில், பிரித்து வாசிக்கப்படும் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு கடிதமும் எழுதப்பட்டது. மழை எப்படி, மாமாவுக்குச் சுகமா என்ற கேள்விகளுக்கு வேறு பொருள் இருந்தது. யாரும் சொல்லித்தராத அந்த மறைமொழியைப் பேசிய தலைமுறைக்கு, தன் பேச்சைத் தானே வெட்டிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. கண்காணிப்பின் பெரிய விளைவு பிடிபடுபவர்களின் எண்ணிக்கையில் இல்லை. தொலைபேசியில் "அதை நேரில் சொல்லுறன்" என்று நிறுத்திக்கொள்பவர்களிடம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியாக எழுதப்படவில்லை. இந்தியாவில் 2017 இல் ஒன்பது நீதியரசர்கள் அதை அடிப்படை உரிமையாக அறிவித்தது போன்ற ஒரு தீர்ப்பும் இங்கே வரவில்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 18 ஆம் பிரிவு, நீதவானின் பிடியாணையோடு சந்தாதாரர் விபரங்களையும் தொடர்புத் தரவையும் பெறவும், தொடர்பை இடைமறிக்கவும் வழிசெய்கிறது. ஆனால் விசாரணை அவசரமானது, சாட்சியம் அழியக்கூடும், இரகசியம் பேண வேண்டும் என்ற காரணங்கள் இருந்தால் பிடியாணை இல்லாமலும் செய்யலாம் என்று அதே பிரிவு விட்டுக்கொடுக்கிறது. எந்த விசாரணை அவசரமில்லாதது என்று எந்தப் பொலிஸ் அதிகாரி சொல்லப்போகிறார்? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல முயற்சி. தேசிய பாதுகாப்பு என்று வரும்போது அதுவும் விலகி நிற்கிறது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. இந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு சாவி என்று எடுத்துக்கொண்டால், சாவிக்கொத்து ஏற்கெனவே கனமாகத்தான் இருக்கிறது.

பொலிஸாருக்கு வேறு வழியே இல்லை என்பதும் உண்மையில்லை. 2021 ஜூன் மாதத்தில் அமெரிக்க, அவுஸ்திரேலியப் பொலிஸாரும் மற்ற நாடுகளின் பொலிஸாரும் சேர்ந்து, அனொம் என்ற இரகசியத் தொலைபேசியைத் தாங்களே குற்றக் கும்பல்களுக்கு விற்கவைத்து, அதன் வழியாகப் போன செய்திகளை வாசித்து 800 இற்கு மேற்பட்டவர்களைக் கைதுசெய்தார்கள். அதற்கு உழைப்பும் பொறுமையும் தேவைப்பட்டன; யாருடைய வட்ஸ்அப்பையும் பலவீனமாக்க வேண்டியிருக்கவில்லை. குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட குற்றம், குறிப்பிட்ட காலம், கையொப்பமிட்ட நீதவான் என்ற வரையறைக்குள் நடக்கும் கண்காணிப்பை நான் எதிர்க்கவில்லை. எல்லோருடைய பூட்டிலும் முன்கூட்டியே ஓர் ஓட்டையை வைத்துவிட்டு, தேவையானபோது மட்டும் பார்ப்போம் என்று சொல்வதை எதிர்க்கிறேன். அந்தத் தேவையைத் தீர்மானித்தவர்கள் 2018 இன் கடைசியில் யாரைப் பிடித்தார்கள் என்பது வவுணதீவில் எல்லோருக்கும் தெரியும்.

பிரித்தானியாவில், நான் மேலே குறைசொன்ன அதே நாட்டில், ஒட்டுக்கேட்டல் அதிகாரங்களை மேற்பார்வை செய்யவென்று ஓர் ஆணையாளர் இருக்கிறார். ஓராண்டில் எத்தனை கட்டளைகள் வழங்கப்பட்டன, எத்தனை தவறுகள் நடந்தன என்பதை அவரது அலுவலகம் அறிக்கையாக வெளியிடுகிறது. இலங்கையில் அத்தகைய பதவி இல்லை. இருக்கிற ஒரே கைப்பிடி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். மட்டக்களப்பு மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் 18 ஆம் பிரிவின் கீழ் எத்தனை பிடியாணைகள் பெறப்பட்டன, பிடியாணை இல்லாமல் எத்தனை முறை அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டது என்று தமிழில் ஒரு தாளில் எழுதிப் பொலிஸ் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால், மேன்முறையீடாக ஆணைக்குழுவரை போகலாம். கேட்பது ஒருவரது பெயரையோ பேச்சையோ அல்ல, ஓர் எண்ணை மட்டும்.